துபாய் லைனில் ஒரு மௌனம்

1. லைன் சாகவில்லை

மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டில் நான் தனியாக உட்கார்ந்த முதல் நாளே வெளிநாட்டு கால் ஒன்று என் தலையில் வந்து விழுந்தது. பினாங்கில் இருக்கும் அண்ணனோடு பேச ஒரு பள்ளிக்கூட டீச்சர் முந்தின நாளே புக் செய்து வைத்திருந்தார். மதுரையிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து பம்பாய். பம்பாயில் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்காரர் லைனைக் கொடுத்து, "கோ அஹெட் மதுரை" என்றார். நானும் "பேசுங்க மேடம்" என்று டீச்சருக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டேன்.

கால் தொடங்கும்போது பேச்சு இரண்டு பக்கமும் சரியாகப் போகிறதா என்று ஆப்பரேட்டர் கொஞ்சம் கேட்க வேண்டும். கேட்டேன். டீச்சர் "அண்ணே" என்றார். பதில் இல்லை. மறுபடி "அண்ணே" என்றார். அந்தப் பக்கமிருந்து பாதி வார்த்தை வந்து அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை. சரி, லைன் போய்விட்டது என்று போர்டில் செருகியிருந்த கார்டு வயரைப் பிடுங்கக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து வந்த சூப்பர்வைசர் ஸ்டெல்லா மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கைய எடு பாக்கியம். லைன் சாகலை. மேல போயிருக்கு."

"எங்க மேடம் போயிருக்கு?"

"வானத்துக்கு. பொறு, இறங்கும்."

இறங்கியது. டீச்சர் வாயை மூடிய பிறகுதான் அண்ணனின் குரல் முழுசாக வந்தது. நான் பயந்து போனதைப் பார்த்து மேடம் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிக்க மாட்டார். டீ நேரத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்தது என்ன என்று சொன்னார்.

முன்பெல்லாம் வெளிநாட்டு கால்கள் ரேடியோ அலையில்தான் போகும். குரல் ஏறும், இறங்கும், நடுவில் இரைச்சல் வரும். ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்று சொன்னால்தான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம். சில நாள் ஒரு வார்த்தையும் புரியாமலே நேரம் முடிந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் பூனாவுக்குப் பக்கத்தில் பெரிய டிஷ் ஒன்றை வைத்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு நேர் மேலே, ஏறக்குறைய முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சேட்டிலைட். பூமி சுற்றுகிற அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால், கீழேயிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். நம் குரல் டிஷ்ஷிலிருந்து அதற்கு ஏறி, அங்கிருந்து அடுத்த நாட்டு டிஷ்ஷில் இறங்கும். குரல் தெளிவாக இருக்கும். ஆனால் ஏறி இறங்க ஏறக்குறைய கால் நொடி ஆகும். பதில் வர இன்னொரு கால் நொடி.

"அரை நொடிதான மேடம்" என்றேன்.

"அரை நொடிதான். உன்கிட்ட ஒருத்தர் கேட்ட கேள்விக்கு அரை நொடி கழிச்சுப் பதில் சொல்லிப் பாரு, என்ன நினைக்கிறாங்கன்னு தெரியும்" என்றார் மேடம்.

அப்போது எனக்கு அது அவ்வளவாகப் புரியவில்லை.

2. பேசுகிறவர்கள் படும் பாடு

இந்த அரை நொடி எங்களுக்குக் கொடுத்த தலைவலி கொஞ்சமில்லை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சேட்டிலைட் லைனில் பேசுகிறவரின் குரலே அவருக்கு எதிரொலியாகத் திரும்பி வரும். அதை அடக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் பேசும்போது அது மறுபக்கத்தை அமுக்கிவிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் யாராவது ஒருவருடைய வார்த்தையின் தலையோ வாலோ போய்விடும்.

செல்லூரில் எங்கள் தெருவிலேயே விசைத்தறி வைத்திருந்த ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் மச்சினனோடு பேசுவார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர், சாதாரணமாகவே கத்திப் பேசுவார். சேட்டிலைட் என்று கேள்விப்பட்டதும் இன்னும் கத்த ஆரம்பித்தார். "அண்ணே, மெதுவாப் பேசுனாலே கேக்கும்ணே" என்றேன். "எம்புட்டு உசரத்துல நிக்குது, மெதுவாப் பேசுனா எப்படித்தா கேக்கும்?" என்றார். ஒவ்வொரு முறையும் மச்சினனின் பதில் வருவதற்குள் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று இவர் கூப்பிட, அந்த ஹலோவே பதிலை அமுக்கிவிடும். பேச்சு முடிந்தபோது அவர் சொன்னது: "நல்ல லைனு. ஆனா அவன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறான்."

அதற்குப் பிறகு வெளிநாட்டு கால் கொடுக்கும்போதெல்லாம், "கேட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்க, பதில் வரும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் விலகுவேன். எங்கள் வேலை விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. பெரும்பாலானவர்கள் அதைக் காதில் வாங்கவும் மாட்டார்கள். மாதக்கணக்கில் பார்க்காத ஆளின் குரல் வரப்போகிற நேரத்தில் ஆப்பரேட்டர் சொல்வது யார் காதில் விழும்?

3. கோரிப்பாளையத்திலிருந்து ஒரு கம்ப்ளெயின்ட்

இனி எழுதப் போவது, அது நடந்த குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுவது. சப்ஸ்கிரைபர் பேசுவதை வெளியே சொல்ல மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்துத்தான் நாங்கள் வேலைக்குச் சேர்கிறோம். அவர்களே "எழுதுங்கக்கா" என்று சொன்னதால் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கோரிப்பாளையத்தில் கைலி மொத்தக் கடை வைத்திருந்த அபுதாகிர் பாய் ஒரு நாள் காலையில் எக்ஸ்சேஞ்சுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை. பொதுமக்களை போர்டு அறைக்குள் விட மாட்டோம் என்பதால் ஸ்டெல்லா மேடம் வெளி அறைக்குப் போனார். துபாய் கால்களை அந்த வாரம் நான் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னையும் கூப்பிட்டார்.

"அம்மா, எங்க கடை போன்ல துபாய் பேசுறோம். லைன்ல ஒரு கோளாறு இருக்கு" என்றார் பாய். கொஞ்சம் நிறுத்தி, "கோளாறு இருக்குன்னு நீங்க சொன்னா சந்தோசப்படுவேன். லைன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா எம் மக வாழ்க்கை போச்சு" என்றார்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

அவருடைய மகள் மெஹருக்குக் கல்யாணம் ஆகி மாப்பிள்ளை சிக்கந்தர் துபாய்க்குப் போயிருந்தார். ஒரு பட்டறையில் வேலை. முதல் லீவுக்கு வந்து போனார். அடுத்த லீவுக்கு வரவில்லை. "அடுத்த மாசம் வாரேன்" என்பதே பேச்சாக இருந்தது. அங்கிருந்து திரும்பிய ஒரு ஊர்க்காரர், சிக்கந்தர் பழைய ரூமைக் காலி செய்துவிட்டார், எங்கே தங்கியிருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் வீட்டில் இருப்பவர்கள் தாங்களாகவே ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று.

"போன்ல எம் மக கேக்குறா, எப்ப வாரீகன்னு. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. திரும்பக் கேக்குறா. என்னமோ முனகுறான். போன தடவை அழுதுக்கிட்டே நேராவே கேட்டுட்டா, இன்னொருத்தி இருக்காளான்னு. அதுக்கும் சத்தமில்ல. அப்புறமா ஒரு 'இல்ல' வருது. அம்மா, நீங்களே சொல்லுங்க. இல்லைன்னு சொல்ல ஒரு மனுசனுக்கு எம்புட்டு நேரம் வேணும்?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை ஜமாத்துல சொல்லி இந்தக் கல்யாணத்தை முறிச்சிரலாம்னு வீட்டுல எல்லாரும் சொல்றாக" என்றார் பாய். "நாந்தான் பள்ளிவாசலுக்குப் போறதுக்கு முந்தி உங்களை ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு வந்தேன்."

மேடம் சொன்னார்: "பாய், சப்ஸ்கிரைபர் பேசுறதை நாங்க கேக்கக் கூடாது. கேட்டாலும் அதைப் பத்தி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. உங்க மாப்பிள்ளை நல்லவரா கெட்டவரான்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா லைன்ல பதில் தாமதமா வருதுன்னு நீங்க கம்ப்ளெயின்ட் குடுத்தீங்கன்னா, உங்களை வச்சே லைனை டெஸ்ட் பண்ணிக் காட்ட எனக்கு அதிகாரம் இருக்கு."

"குடுக்குறேன்" என்றார் பாய்.

4. தன் பேரைச் சொல்ல யோசித்த பெண்

அடுத்த நாள் பகலில், துபாய் லைன் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, பம்பாயிடம் டெஸ்ட் கால் என்று சொல்லிக் கேட்டேன். பம்பாய்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். துபாய் எக்ஸ்சேஞ்சில் ஒரு மலையாளப் பெண் இருந்தார். அவரிடம், "எங்க சப்ஸ்கிரைபர் ரெண்டு கேள்வி கேப்பாங்க, பதில் மட்டும் சொன்னாப் போதும் சிஸ்டர்" என்றேன். எதற்கு என்று கேட்காமலே சரி என்றார். எங்கள் தொழிலில் ஒரு ஆப்பரேட்டர் இன்னொரு ஆப்பரேட்டரிடம் காரணம் கேட்க மாட்டார்.

கோரிப்பாளையம் கடையை இணைத்தேன். மெஹர் லைனில் இருந்தாள். ரிசீவருக்குப் பக்கத்தில் பாய் காதை வைத்திருப்பது அவர் மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது.

"என்ன கேக்கட்டும்க்கா?" என்றாள் மெஹர்.

"அவங்க பேரைக் கேளும்மா" என்றேன்.

"உங்க பேரு என்னங்க?"

சத்தமில்லை. அந்த இடைவெளியை ஆயிரம் தடவை கேட்டவள் நான். அன்றைக்கு எனக்கே அது நீளமாகத் தெரிந்தது. பிறகு, "சூசம்மா" என்று குரல் வந்தது.

"அங்க இப்ப வெயிலா?"

மறுபடி அதே இடைவெளி. "பயங்கர வெயில் மோளே."

லைனில் இப்போது பாய் வந்துவிட்டார். "ஏம்மா ஆப்பரேட்டரு, அந்தம்மா தம் பேரைச் சொல்லவே யோசிக்குதே?"

"யோசிக்கலை பாய். நீங்க கேட்டது மேல போய் அங்க இறங்கணும். அவங்க சொன்னது மேல போய் இங்க இறங்கணும். அதுக்குத்தான் அம்புட்டு நேரம். நீங்க நடுவுல இன்னொரு வார்த்தை பேசிட்டீங்கன்னா அவங்க பதிலை உங்க குரலே அமுக்கிரும்."

பாய் ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டார். மெஹர், "அக்கா, இன்னும் கொஞ்சம் கேட்டுக்கிறட்டுமா?" என்றாள். சொந்த ஊர் எது என்று கேட்டாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். சூசம்மாவும் சலிக்காமல் பதில் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கடை மேசையில் விரலால் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. டொக், டொக். பதில். டொக், டொக். பதில். அவள் அந்த இடைவெளியைக் கையில் பழகிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போனார். ஜமாத்தில் மாப்பிள்ளையைப் பற்றி எதுவும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது.

5. ஸ்பீக்கிங்

சிக்கந்தரோடு அடுத்த கால் கிடைக்க நாளாகிவிட்டது. அவர் தங்கும் இடத்தில் போன் இல்லை. பட்டறை ஆபீஸுக்கு ஆளை வரச் சொல்லி நேரம் குறித்துப் புக் செய்ய வேண்டும். ஒரு தடவை பம்பாய் வரை போய்த் துபாய் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை துபாய் கிடைத்து ஆள் வரவில்லை. மூன்றாவது தடவை கிடைத்தபோது போர்டில் நான்தான் இருந்தேன்.

"கேட்டுட்டுப் பொறும்மா" என்றேன் வழக்கம் போல.

"தெரியும்க்கா" என்றாள் மெஹர்.

நல்லா இருக்கீகளா என்று கேட்டாள். இடைவெளி விட்டு, நல்லா இருக்கேன் என்று வந்தது. சாப்பிட்டீகளா என்றாள். சாப்பிட்டேன் என்று வந்தது. இன்னொருத்தி பேச்சை அவள் எடுக்கவே இல்லை. பதில்கள் சூசம்மாவின் பதில்கள் மாதிரியே அளவாக வந்தன. லைன் சரியாக இருக்கிறது என்று நான் விலகப் போனேன். அப்போது அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"வேலைக்குப் போறீகளா மச்சான்?"

டொக், டொக் என்று மேசை சத்தம் கேட்டது. பதில் வரவில்லை. இன்னொரு தட்டு. இன்னொன்று. தட்டுவது நின்றுவிட்டது. பிறகு, "போறேன்" என்று வந்தது.

மெஹர் அவசரப்படவில்லை. "மச்சான், இது சேட்டிலைட் இல்ல. இது நீங்க. என்ன ஆச்சு?" என்றாள்.

நான் பேச்சைக் கேட்கிற கீயைத் தூக்கிவிட்டு லைனை விட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை.

கொஞ்ச நேரத்தில் பம்பாய்க்காரர் என்னைக் கூப்பிட்டார். துபாய்க்கு அப்போது லைன்கள் குறைவு. நாடு முழுக்க ஆட்கள் வரிசையில் காத்திருப்பார்கள். பேச்சு இல்லாத லைனைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது அவருடைய கடமை. "மதுரை, உங்க பார்ட்டி பேசவே இல்லை. லைன் சும்மா கிடக்கு. எடுத்துக்கவா?" என்றார் ஆங்கிலத்தில்.

கீயைத் தள்ளி மறுபடி லைனுக்குள் போய்க் கேட்டேன். வார்த்தை எதுவும் இல்லைதான். யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. ஒரு லைனில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்ல எங்களுக்கு ஒரே வார்த்தைதான் உண்டு.

"ஸ்பீக்கிங், பாம்பே" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"ஸ்பீக்கிங். எக்ஸ்டென்ஷன் குடுங்க, இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று மெஹர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெகுநேரம் கழித்து சிக்கந்தர் வாயைத் திறந்திருக்கிறார். பட்டறையில் மிஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, தெரிந்தவர்கள் யார் கண்ணிலும் படக் கூடாது என்று ரூமை மாற்றிக்கொண்டு, அதே பட்டறையில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட அங்க வர?" என்று கேட்டிருக்கிறார்.

"மூஞ்சி நல்லாத்தான இருக்கு? அதோடயே வாங்க" என்றிருக்கிறாள் மெஹர்.

அடுத்த நாள் பம்பாயிலிருந்து எங்கள் மேடத்துக்கு ஒரு வார்த்தை வந்துவிட்டது. மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"பேச்சே இல்லாத லைனுக்கு ஸ்பீக்கிங் சொன்னியாமே?"

"ரெண்டு பேரும் லைன்ல இருந்தாங்க மேடம்."

"கால் டிக்கெட்டுல பேசுன நேரத்தைச் சரியா எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மேடம்."

"அப்பப் போ, போர்டுல லைட் எரியுது" என்றார்.

6. வந்து சேர்ந்த பிறகு

சிக்கந்தர் வந்தார். மெட்ராஸ் வரை விமானம், அங்கிருந்து பஸ். பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலது கையைப் பேன்ட் பையிலேயே வைத்திருந்தாராம். பெட்டியைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்ததால் பாய் கை கொடுக்கப் போக, அதற்கு முன்னால் மெஹர் அந்தக் கையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டுதானா?" என்றிருக்கிறாள். இம்புட்டு என்பது சின்ன விஷயமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அன்று ராத்திரி சமையலறையில் தனியாக அழுததாகச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் அழவில்லை.

மாமனார் கடையில் உட்கார முதலில் அவருக்கு மனமில்லை. பிறகு கைலிச் சரக்கு எடுக்கச் செல்லூர்த் தறிக்கூடங்களுக்கு வர ஆரம்பித்தார். சாயம் போகுமா, நூல் எப்படி என்று இடது கையால் தடவிப் பார்த்தே சொல்லப் பழகினார். அப்படித்தான் எங்கள் தெருவுக்கு வந்து போய், என் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் பழக்கம் ஆனது. உறுதிமொழியை மீறி நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. "அந்த ஆப்பரேட்டரு அக்கா குரலு இது" என்று மெஹர்தான் ஒரு நாள் என் வீட்டு வாசலில் கண்டுபிடித்தாள்.

எண்பதுகளில் நம் நாட்டுக்கே சொந்தமாக இன்சாட் மேலே போன பிறகு சேட்டிலைட் என்ற வார்த்தை எல்லார் வாயிலும் வந்துவிட்டது. டெல்லி நிகழ்ச்சி அதே நேரத்தில் மதுரை டி.வி.யில் தெரிந்தது. புயல் எங்கே நிற்கிறது என்று மேகப் படம் காட்டினார்கள். அந்தமானில் போர்ட் பிளேருக்கு அதன் வழியாகப் பேசுகிற வியாபாரிகளும் அரை நொடிக்குப் பழகிக்கொண்டார்கள். எங்கள் போர்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எண்ணைச் சுழற்றினால் நேராகவே துபாய் கிடைக்கிற காலம் வந்தது. நல்லதுதான். ஆப்பரேட்டருக்காகக் காத்திருந்த மக்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஒரு பெருநாளைக்குப் பிரியாணிச் சட்டியோடு மெஹர் வீட்டுக்கு வந்தபோது, "இப்பவாவது மாப்பிள்ளை கேட்டதுக்கு உடனே பதில் சொல்றாரா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"எங்கக்கா? அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டே யோசிச்சுத்தான் சொல்றாக. பழி போட இப்ப மேல ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தாள்.

இத்தனை வருஷம் போர்டில் உட்கார்ந்து நான் படித்த பாடம் பெரிதாக ஒன்றுமில்லை. பதில் வரத் தாமதமானால், நடுவில் தூரம் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்கு உண்டான நேரத்தைக் கழித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மௌனம் மிச்சமிருந்தால் கோபப்படாதீர்கள். என்ன ஆச்சு என்று கேளுங்கள்.